கார்டு எப்ப வரும்? அமெரிக்க வேலை பெர்மிட் பத்தி வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ஈஏடி, அதாவது அமெரிக்காவுல வேலை பாக்க அனுமதி தர்ற கார்டு. எனக்கும் இது பட்டு தெரிஞ்ச விஷயம்ங்கறதால மத்த கேள்விகளை எல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சுட்டு இதையே எடுத்துக்கிட்டேன். நான் லாயர் இல்ல, உங்க கேஸ்ல ஏதாவது சிக்கல் இருந்தா லாயர்கிட்ட போறதுதான் சரி. விதிகளும் அடிக்கடி மாறுது, அதனால ஃபைல் பண்றதுக்கு முன்னாடி யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்க குடியேற்ற இலாகா) சைட்டை ஒரு தடவை பாத்துடுங்க.

கேள்வி: நான் ஹெச்4ல (ஹெச்1பி வேலை விசாக்காரரோட குடும்பத்துக்கான விசா) இருக்கேன், எடிசன், நியூஜெர்சி. என் ஈஏடியும் ஐ-94ம் (எந்த தேதி வரைக்கும் இங்க தங்கலாம்ங்கற பதிவு) இன்னும் 5 மாசத்துல முடியுது. வீட்டுக்காரரோட கம்பெனி லாயர் "இன்னும் டைம் இருக்கு"ன்னு தள்ளிக்கிட்டே போறார். கார்டு முடிஞ்சாலும் 540 நாள் வேலை பாக்கலாம்னு ஃப்ரெண்ட் சொல்றா, எங்க எச்ஆர் முடியாதுங்கறாங்க. யார் சொல்றது சரி?

பதில்: உங்க எச்ஆர் சொல்றதுதான் சரிம்மா. ஃப்ரெண்ட் சொன்னதும் ஒரு காலத்துல உண்மைதான். ரெனியூவல் போட்டு ரசீது கையில இருந்தா பழைய கார்டு தானா நீளும்னு முதல்ல 180 நாள் இருந்துச்சு, அப்புறம் 2022 மே மாசம் அதை தற்காலிகமா 540 ஆக்கினாங்க, 2025 ஜனவரில அதையே நிரந்தரமாவும் ஆக்கினாங்க. ஆனா 2025 அக்டோபர் 30ல இருந்து போடுற ரெனியூவலுக்கு அது பெரும்பாலும் கிடையாது. அதுக்கு முன்னாடி போட்டவங்களுக்கு பழைய 540 ஓடும், உங்க ஃப்ரெண்ட் அந்த செட்டா இருக்கலாம். இன்னொண்ணு, அந்த 540 இருந்தப்பவும் ஹெச்4காரங்களுக்கு ஐ-94 முடியிற தேதியோட அது நின்னுடும், ஐ-94ம் கார்டும் ஒரே நாள்ல முடியிற உங்கள மாதிரி ஆளுங்களுக்கு அது எப்பவுமே பெருசா உதவினது இல்ல.

இப்ப லாயர் விஷயம். ஹெச்1பி எக்ஸ்டென்ஷனை 6 மாசம் முன்னாடியே போடலாம். உங்க ஐ-539 (ஹெச்4 நீட்டிப்பு), ஐ-765 (ஈஏடி விண்ணப்பம்) ரெண்டும் அதை நம்பித்தான் நிக்குது, அவரோடது அப்ரூவ் ஆனாத்தான் உங்க ஹெச்4 நீளும், ஹெச்4 நீண்டாத்தான் ஈஏடி. ஆக உங்களுக்கு ஏற்கனவே ஒரு மாசம் போயாச்சு. லாயர் ஏன் அவசரப்படலன்னா, உங்க வீட்டுக்காரருக்கு ஐ-94 முடிஞ்சாலும், நேரத்துக்கு ஃபைல் பண்ணியிருந்தா அதே கம்பெனில 240 நாள் வரைக்கும் வேலை பாக்க விதியே இருக்கு. கம்பெனிக்கு அவர் மேசையில உக்காந்திருந்தா போதும். அவருக்கு 240 நாள், உங்களுக்கு ஒரு நாள் கூட இல்ல, இது அந்த லாயர் கணக்குல வராது, உங்க வீட்டுக்காரர்தான் மெயில்ல எழுதி சொல்லணும். "என் மனைவியோட கார்டு இந்த தேதியில முடியுது, ஆட்டோ எக்ஸ்டென்ஷன் இல்ல, இந்த வாரம் ஃபைல் பண்ண என்ன டாக்குமென்ட் வேணும்"னு தேதி போட்டு எழுத சொல்லுங்க, போன்ல வேணாம்.

முடிஞ்சா மூணு பேப்பரையும் ஒண்ணா அனுப்ப சொல்லுங்க, ஹெச்1பிக்கு பிரீமியம் (கூடுதல் காசு கட்டி சீக்கிரம் பதில் வாங்கறது) போடச் சொல்லி கேளுங்க. அதுக்கு 15 வேலை நாள்ல பதில் வந்துடும். ஹெச்4க்கோ ஹெச்4 ஈஏடிக்கோ பிரீமியம் கிடையாது. ஒண்ணா வந்தா ஒண்ணாவே முடிச்சு தரணும்னு ஒரு கோர்ட் ஒப்பந்தம் 2023 ஜனவரில இருந்து ரெண்டு வருஷம் இருந்துச்சு, அது 2025 ஜனவரியோட முடிஞ்சு போச்சு, அதனால இப்ப சேத்து பாப்பாங்கன்னு உறுதி இல்ல. ஆனாலும் ஒண்ணா அனுப்புறதுல நஷ்டம் எதுவும் இல்ல.

ஊருக்கு போய் ஸ்டாம்பிங் (தூதரகத்துல பாஸ்போர்ட்ல விசா வாங்கறது) பண்ணிட்டு புது ஐ-94ஓட வந்துட்டா ஐ-539க்காக காத்திருக்க வேண்டாம்னு சிலர் சொல்லுவாங்க. வழி என்னவோ சரிதான். ஆனா 2025 டிசம்பர் 15ல இருந்து ஹெச்1பி, ஹெச்4 எல்லாருக்கும் சோஷியல் மீடியா சோதனை வந்ததுல இந்தியாவுல நிறைய பேரோட அப்பாயின்மென்ட் மாசக்கணக்குல தள்ளிப் போச்சு, போனவங்க அங்கயே மாட்டிக்கிட்டாங்க. பள்ளிக்கூடம் போற குழந்தை இருக்கற வீடுன்னா நான் அந்த வழிய சொல்ல மாட்டேன்.

எனக்கு 2021ல இதுதான் நடந்துச்சு. அப்ப ஹெச்4க்கு ஆட்டோ எக்ஸ்டென்ஷனே கிடையாது, கொரோனாவால கைரேகை அப்பாயின்மென்ட் எல்லாருக்கும் தேங்கி கிடந்துச்சு. என் கார்டு ஒரு வெள்ளிக்கிழமை முடிஞ்சுது. அன்னிக்கு மத்தியானம் 3 மணிக்கு மேனேஜர் போன் பண்ணி மன்னிப்பு கேட்டுட்டு 5 மணிக்கு எல்லா லாகினையும் கட் பண்ணிட்டாங்க, அடுத்த வாரம் லாப்டாப்பை திருப்பி அனுப்ப ஒரு காலி அட்டைப்பெட்டி வீட்டுக்கு வந்துச்சு. 71 நாள் கழிச்சு கார்டு வந்துச்சு. வேலை இருந்துச்சு, ஆனா நான் ஒன்றரை வருஷம் கட்டின ப்ராஜெக்ட் வேற ஒருத்தர் கைல இருந்துச்சு. அந்த பெட்டிய நான் இன்னும் தூக்கி போடல. அதனாலதான் சொல்றேன், இன்னிக்கே மெயில் போட சொல்லுங்க.

கேள்வி: நெட்ல காட்டுற மாசக்கணக்கு தாண்டியாச்சு, ஒண்ணும் நகரல. சட்டப்படி 90 நாள்ல குடுத்தே ஆகணும்னு எங்க மாமா சொல்றார். உண்மையா?

பதில்: மாமா பழைய ஆள் போல, அவர் சொன்னது 2017 ஜனவரி வரைக்கும் உண்மை. 90 நாள்ல முடிவு பண்ணணும், இல்லன்னா இடைக்கால கார்டு குடுக்கணும்னு விதியே இருந்துச்சு. அதை எடுத்துட்டு அதுக்கு பதிலாத்தான் அந்த 180 நாள் ஆட்டோ எக்ஸ்டென்ஷனை கொண்டு வந்தாங்க. இப்ப அதையும் எடுத்தாச்சு. முதல் பாதுகாப்பு போனதுக்கு ரெண்டாவதுதான் ஈடுன்னு சொன்னாங்க, இப்ப ரெண்டும் இல்ல, இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

சைட்ல காட்டுற மாசக்கணக்கு என்னன்னா, கடந்த 6 மாசத்துல முடிஞ்ச கேஸ்கள்ல 80 சதவீதம் எவ்வளவு நாளுக்குள்ள முடிஞ்சுதுங்கறது. அஞ்சுல ஒருத்தருக்கு அதுக்கு மேல ஆயிருக்குன்னு அர்த்தம். அதுவும் உங்க கேட்டகரிய சரியா செலக்ட் பண்ணி பாத்தாத்தான், ஹெச்4 கணக்கும் கிரீன் கார்டு பெண்டிங் கணக்கும் வேற வேற. அதே பக்கத்துல உங்க ரசீது தேதிய போட்டு பாருங்க, இனிமே விசாரிக்கலாமா கூடாதான்னு சொல்லும். அந்த தேதி தாண்டியிருந்தா ஆன்லைன்லயே கேள்வி போடலாம், தாண்டலன்னா பொதுவா ஏத்துக்க மாட்டாங்க.

அதுவும் பலிக்கலன்னா உங்க ஏரியா காங்கிரஸ் உறுப்பினர் ஆபீசுக்கு எழுதுங்க. சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, அந்த தொகுதில குடியிருந்தா போதும். ஒரு சம்மத ஃபார்ம்ல கையெழுத்து வாங்குவாங்க, அவங்க ஆபீஸ்ல இதுக்குன்னே ஆள் இருக்காங்க, காசு கிடையாது. நம்ம ஆளுங்க இதுக்கு ரொம்ப கூச்சப்படுறாங்க, கூச்சப்படவே வேண்டாம். எக்ஸ்பெடைட் (அவசரமா முடிச்சு தரச் சொல்றது) கேக்கலாம், ஆனா வேலை பெர்மிட் வேணும்ங்கறது மட்டும் காரணமா இருந்தா போதாது, கடுமையான பண நஷ்டம், வைத்தியம் மாதிரி விஷயத்தை பேப்பரோட காட்டணும். கடைசி வழி ஃபெடரல் கோர்ட்ல மாண்டமஸ் கேஸ் (சீக்கிரம் முடிவு சொல்லுங்கன்னு இலாகாவுக்கு உத்தரவு போடச் சொல்லி கேக்கறது), அதுக்கு லாயர் செலவு இருக்கு.

கேள்வி: அக்கா, நான் இலங்கையில இருந்து வந்து இங்க அகதி கேஸ் போட்டு நாலு மாசமாகுது. வேலை பெர்மிட் எப்ப போடலாம் எண்டு ஒருத்தரும் தெளிவா சொல்லினமில்லை. ஒராள் 150 நாள் எண்டுறார், இன்னொராள் 180 எண்டுறார். தெரிஞ்ச ஆக்களின்ர வீட்டில தான் இருக்கிறன், கையில காசில்லை.

பதில்: தம்பி, ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். நான் இதை எழுதற வரைக்கும் இருக்கற விதிப்படி 150 நாள் முடிஞ்சதும் விண்ணப்பம் போடலாம், ஆனா 180 நாள் ஆகாம கார்டு தர மாட்டாங்க. இந்த விதிய மாத்தற பேச்சு இருக்கு, அதனால போடுற வாரம் லாயர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க.

இந்த நாள் கணக்கு காலண்டர் கணக்கு இல்ல, இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. நீங்களா இன்டர்வியூவை தள்ளி கேட்டாலோ, கைரேகைக்கு போகாம விட்டாலோ, கோர்ட்ல வாய்தா வாங்கினாலோ கணக்கு அங்கயே நின்னுடும். லாயர் கிடைக்கல, டைம் வேணும்னு சாதாரணமா ஜட்ஜ்கிட்ட கேக்கறது கூட நாளை நிறுத்தலாம். அதுக்காக லாயர் இல்லாம கேஸ் நடத்துங்கன்னு சொல்லல, கேஸ்தான் முக்கியம், ஆனா வாய்தா கேக்கறப்போ என்ன விலைன்னு தெரிஞ்சு கேளுங்க. உங்க கேஸ் கோர்ட்ல இருந்தா, இமிக்ரேஷன் கோர்ட்டோட ஆட்டோமேட்டிக் போன் லைன்ல ஏ-நம்பரை (உங்க இமிக்ரேஷன் ஃபைல் நம்பர்) அடிச்சா கிளாக்ல, அதாவது இந்த நாள் கணக்குல, எத்தனை நாள் ஆச்சுன்னு சொல்லும். 4 மாசம்னு நீங்க நினைக்கறது அங்க வெறும் 70 நாளா இருக்கலாம், இன்னிக்கே பாருங்க.

முதல் தடவை போடுற அகதி ஈஏடிக்கு முன்னாடி கட்டணமே இல்ல. 2025 ஜூலைல 550 டாலர் வச்சாங்க, வருஷா வருஷம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஏறும், ஏழைங்கன்னு தள்ளுபடியும் கிடையாது. வேலை பாக்க அனுமதி இல்லாத ஒருத்தர் 550 டாலருக்கு எங்க போவார்னு எனக்கு இன்னும் புரியல. பக்கத்துல கோயில், சர்ச், தமிழ் சங்கம் எதுவா இருந்தாலும் வெக்கப்படாம கேளுங்க தம்பி, இதுக்கு குடுக்கற ஆளுங்க நிச்சயம் இருக்காங்க. "உடனே பெர்மிட் எடுத்து தரேன்"னு காசு கேக்கற ஏஜென்ட் பக்கம் மட்டும் போயிடாதீங்க.

கேள்வி: டல்லாஸ். நான் 2020 அக்டோபர்ல ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டேன், 2024ல வந்த என் ஈஏடி 2029 வரைக்கும் இருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் போட்ட என் மனைவிக்கு இப்ப 18 மாசம்தான் வந்திருக்கு. பிரிண்ட் தப்பா?

பதில்: தப்பு இல்ல. 2023 செப்டம்பர்ல இருந்து 5 வருஷம் வரைக்கும் குடுத்தாங்க, 2025 டிசம்பர் 5ல இருந்து அதை கிரீன் கார்டு பெண்டிங், அகதி கேஸ் மாதிரி சில கேட்டகரிக்கு 18 மாசமா குறைச்சுட்டாங்க. உங்க கார்டுல இருக்கற தேதி அப்படியே செல்லும்.

ரெனியூவலை 180 நாள் முன்னாடி போடலாம், ஆட்டோ எக்ஸ்டென்ஷனும் இல்ல, அதனால உங்க மனைவி கார்டு வந்த 12ஆவது மாசமே அடுத்ததுக்கு போட்டாகணும். போன்ல இப்பவே தேதி குறிச்சு வைங்க. 2024 ஏப்ரல் 1க்கு முன்னாடி 485க்கு முழு கட்டணம் கட்டினவங்களுக்கு ரெனியூவல் இலவசம், நீங்க அதுல வருவீங்க. அதுக்கு அப்புறம் போட்டவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் 260 டாலர்.

நீங்க கேக்காத ஒண்ணு சொல்றேன். உங்களுக்கு ஹெச்1பி இன்னும் இருந்தா அதை விட்டுடாதீங்க. ஈஏடி இருக்கேன்னு அதுக்கு மாறி வேலை பாக்க ஆரம்பிச்சா ஹெச்1பி ஸ்டேட்டஸ் போயிடும், அப்புறம் கார்டு லேட்டானா பிடிச்சுக்க 240 நாளும் இருக்காது. சில மாநிலத்துல டிரைவிங் லைசென்ஸ் கூட இந்த தேதியோடதான் முடியும், அதையும் எடுத்து பாருங்க.

கேள்வி: அக்கா, மே மாசம் எம்எஸ் முடிக்கிறேன். ஓபிடி (படிப்பு முடிச்சதும் மாணவர் விசாவுலயே வேலை பாக்கற அனுமதி) எப்ப போடணும்? ஆஃபர் குடுத்த கம்பெனி ஜூன்ல ஜாயின் பண்ண சொல்றாங்க.

பதில்: படிப்பு முடியிற தேதிக்கு 90 நாள் முன்னாடில இருந்து முடிஞ்ச 60 நாள் வரைக்கும் போடலாம், ஆனா 60 நாள் இருக்கேன்னு உக்காந்துடாதீங்க, ஜூன்ல ஜாயின் பண்ணணும்னா பிப்ரவரியே போட்டிருக்கணும். டிஎஸ்ஓ (காலேஜ்ல மாணவர் விசாவை பாத்துக்கற அதிகாரி) உங்க ஓபிடிய சிஸ்டத்துல ஏத்தின 30 நாளுக்குள்ள ஐ-765 போய் சேரணும், இதுல கோட்டை விட்ட பசங்களை நான் பாத்திருக்கேன். ஓபிடிக்கு பிரீமியம் உண்டு, 30 வேலை நாள், செலவு அதிகம்தான், ஆனா ஆஃபர் கைல இருந்தா யோசிக்கலாம். கார்டு வராம, அதுல இருக்கற தொடங்கற தேதி வராம ஒரு நாள் கூட ட்ரெயினிங்னு போய் உக்காராதீங்க. அடுத்து ஸ்டெம் எக்ஸ்டென்ஷன் (அறிவியல், இன்ஜினியரிங் மாதிரி படிப்புக்கு ஓபிடிய நீட்டறது) போடறப்போ, நேரத்துக்கு போட்டா அதுக்கு 180 நாள் ஆட்டோ எக்ஸ்டென்ஷன் இன்னும் இருக்கு.

கேள்வி: எல்2ல (கம்பெனி இங்க மாத்தி அனுப்பின ஆளோட குடும்பத்துக்கான விசா) இருக்கேன், எனக்கும் ஈஏடி வேணுமா?

பதில்: வேண்டாம். உங்க ஐ-94ல எல்-2எஸ்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா அதுவே வேலை பாக்க ஆதாரம், 2021 நவம்பர்ல வந்த கோர்ட் ஒப்பந்தத்தால கிடைச்சது. ஐ-94 முடியற தேதிய மட்டும் கவனிச்சுக்கோங்க.

கேள்வி: கார்டு முடிஞ்சு 3 வாரம் ஆச்சு, புதுசு வரல. சென்னை கம்பெனி ஒண்ணு வீட்டுல இருந்தே வேலை பாக்க சொல்றாங்க, சம்பளம் இந்தியா அக்கவுண்ட்ல ரூபாயா. அமெரிக்காவுக்கு சம்பந்தமே இல்லையே, பண்ணலாமா? இல்ல என் பழைய ஆபீசுக்கே சும்மா சம்பளம் வாங்காம உதவி பண்ணலாமா?

பதில்: ரெண்டுமே வேண்டாம்மா. சம்பளம் எந்த நாட்டுல விழுதுங்கறது மட்டும் கணக்கு இல்ல, வேலை பாக்கற நீங்க இந்த மண்ணுல உக்காந்திருக்கீங்க. நிறைய பேர் பண்றாங்க, எதுவும் ஆகலன்னு சொல்லுவாங்க, ஆனா நாளைக்கு கிரீன் கார்டு இன்டர்வியூல "அனுமதி இல்லாம வேலை பாத்தீங்களா"ன்னு கேக்கற இடத்துல நீங்க உண்மைய சொல்லியாகணும். சம்பளம் குடுத்து செய்ய வேண்டிய வேலைய இலவசமா செஞ்சாலும் அது வேலைதான், உங்க மேனேஜர் "ஒரு சின்ன டவுட்"னு மெசேஜ் பண்ணாலும் கார்டு வந்ததும் பேசறேன்னு சொல்லிடுங்க. கோயில்லயோ லைப்ரரிலயோ எல்லாரும் சும்மா செய்யற தொண்டு வேற, அதுல பிரச்சனை இல்ல.

வீட்டுல சும்மா இருக்கேன்னு எழுதியிருந்தீங்க. அந்த 71 நாள்ல எனக்கும் அதேதான் தோணுச்சு, மளிகை வாங்க கூட வீட்டுக்காரர் கார்டை கேக்க கூச்சமா இருந்துச்சு. நீங்க தப்பு எதுவும் பண்ணல, ஒரு பேப்பர் லேட்டாயிருக்கு, அவ்வளவுதான். எச்ஆர்கிட்ட சம்பளமில்லா லீவு கேட்டு எழுத்துல வாங்கி வைங்க, வேலைய விட்டதா கையெழுத்து போட்டுடாதீங்க.

கேள்வி: ஸ்டேட்டஸ்ல கார்டு அனுப்பியாச்சுன்னு காட்டுது, 2 வாரமாச்சு, வரல. நடுவுல வீடு மாறினோம்.

பதில்: வீடு மாறினா 10 நாளுக்குள்ள ஏஆர்-11 (அட்ரஸ் மாத்தினதை சொல்ற ஃபார்ம்) போடணும், போட்டீங்களா? போஸ்ட் ஆபீஸ்ல மட்டும் மாத்தினா போதாது, இந்த கார்டை பெரும்பாலும் புது வீட்டுக்கு திருப்பி விட மாட்டாங்க, வந்த இடத்துக்கே போயிடும். முதல்ல யுஎஸ்சிஐஎஸ் அக்கவுண்ட்ல ட்ராக்கிங் நம்பர் இருக்கான்னு பாருங்க, இருந்தா அதை எடுத்துக்கிட்டு நேரா பழைய ஏரியா போஸ்ட் ஆபீசுக்கு போங்க, பழைய வீட்டுல இப்ப இருக்கறவங்க கதவையும் தட்டுங்க. அங்கயும் இல்லன்னா ஆன்லைன்ல கார்டு வரலன்னு கேள்வி போடுங்க, திரும்பி போயிருந்தா புது அட்ரஸ்க்கு மறுபடி அனுப்புவாங்க. நாளைக்கு காலைல முதல் வேலையா போஸ்ட் ஆபீஸ் போங்க.