காசு இல்லை, கார் இல்லை, ரேஸ் ஆசை மட்டும் இருக்கிறது: கேள்வி பதில்

ரேஸ் கார் தயார் செய்வது என் வேலை. ஓட்ட வருகிறவர்களையும், வந்த வேகத்தில் காணாமல் போகிறவர்களையும் பக்கத்தில் நின்று பார்ப்பவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்திருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, மதுரையில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். நான் ரேஸ் டிரைவர் ஆக முடியுமா?

தம்பி, ஓட்டுகிற சீட் இப்போதைக்குக் கிடைக்காது. ஆனால் காருக்குப் பக்கத்தில் நிற்க இடம் கிடைக்கும், அங்கே போய் நில். உன் காலேஜில் ஃபார்முலா பாரத் டீம் இருந்தால் சேர்ந்துவிடு. மாணவர்களே வடிவமைத்துக் கட்டிய கார்களோடு வந்து கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் போட்டியிடுவார்கள். டீம் இல்லாவிட்டால் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு மார்ஷல் வேலைக்கு, அதாவது ஓரத்தில் நின்று கொடி காட்டுகிற வேலைக்கு, எழுதிப் போடு. கொடி பிடிக்கிற இடத்திலிருந்து பார்த்தால் யார் எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிக்கிறான் என்பது இலவசமாகத் தெரியும். அந்தப் பாடத்துக்குக் காசு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிட்டுக்குள் (டிராக் ஓரத்தில் காரைத் தயார் செய்யும் இடம்) விட்டால் ஒரு நோட்டும் டயர் கேஜும் வைத்துக்கொள். கார் கிளம்பும் முன் நாலு டயரிலும் காற்று எவ்வளவு என்று எழுது. உள்ளே வந்ததும், சூடு ஆறுவதற்குள், மறுபடி அளந்து எழுது. ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் அதிகமாக ஏறியிருந்தால் அந்தப் பக்கம்தான் அதிகச் சுமை வாங்குகிறது. மத்தியான வெயிலில் இதைச் சலிக்காமல் செய்கிற பையனை எந்த டீமும் வீட்டுக்கு அனுப்பாது. ஒருநாள் டெஸ்டிங்கில், அதாவது சோதனை ஓட்டத்தில், சீட் காலியாக இருந்தால் கண்ணில் படுவதும் அவன்தான்.

எல்லாம் பணக்காரப் பசங்க விளையாட்டு சார். கையில் ஒன்றும் இல்லாதவன் யாராவது நிஜமாகவே ஜெயித்திருக்கிறானா?

வெண்டெல் ஸ்காட். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து டான்வில் ஊர்க்காரர், கறுப்பினத்தவர். டாக்ஸி ஓட்டினார், இரண்டாம் உலகப் போரில் ராணுவ மெக்கானிக்காக இருந்தார், திரும்பி வந்து பட்டறை வைத்தார். கள்ளச்சாராயமும் கடத்தினார். ராத்திரியில் போலீஸுக்குத் தப்பி ஓட்டிய பழக்கம் பின்னால் உதவியது. 1961இல் நாஸ்கார் என்ற அமெரிக்க கார் பந்தய அமைப்பின் மேல்மட்டப் பந்தயங்களுக்கு வந்தார். அடுத்தவர் ஓட்டி விற்ற காரும் பழைய பாகங்களும்தான் கையில் இருந்தன. பிட்டில் ஸ்பேனர் பிடித்தது அவர் பெற்ற பிள்ளைகள்.

1963 டிசம்பர் 1, ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில் பந்தயம். ஸ்காட் இரண்டு லேப் (சுற்று) முன்னால் இருந்தார். ஆனால் பந்தயம் முடிந்ததைக் காட்டும் கட்டம்போட்ட கொடி அவருக்கு அசைக்கப்படவே இல்லை. கோப்பை பக் பேக்கர் என்ற வேறொரு டிரைவர் கைக்குப் போனது. கூட்டம் கலைந்த பிறகுதான் “கணக்கில் பிசகு, ஜெயித்தது நீங்கள்தான்” என்றார்கள். நாஸ்கார் அந்த வெற்றிக்கான கோப்பையை அவர் குடும்பத்திடம் கொடுத்தது 2021இல். ஸ்காட் இறந்தது 1990இல்.

இந்த அநியாயக் கதை பலருக்குத் தெரியும். தொழில்காரனாக என்னை இழுப்பது அவருடைய கணக்கு. 495 பந்தயம் ஓட்டி ஜெயித்தது ஒன்றே ஒன்று, ஆனால் முதல் பத்துக்குள் வந்தது 147 முறை. எஞ்சின் வெடித்தால் அடுத்த பந்தயத்துக்குப் போக வழியில்லை. அதனால் காரை முழுசாக முறுக்காமல் ஓட்டி முடித்து, கிடைத்த பரிசுப் பணத்தில் பாகம் வாங்கி அடுத்த ஊருக்குப் போனார். இன்றைக்கு நம் பசங்கள் முதல் வளைவிலேயே காரின் மூக்கை உடைத்துக்கொண்டு வருகிறார்கள், பில் அப்பாவுக்குப் போகிறது.

நிக்கி லாடா கடன் வாங்கித்தானே ஓட்டினார்? நானும் பர்சனல் லோன் போடலாமா?

வேண்டாம். ஆஸ்திரியாக்காரரான லாடா 1971இல் ஆயுள் காப்பீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கி ‘மார்ச்’ என்ற ரேஸ் டீமில் இடம் பிடித்தது உண்மை. வியன்னாவில் வசதியான குடும்பம்தான், ஆனால் பேரன் ரேஸ் ஓட்டுவதில் தாத்தாவுக்கு இஷ்டமே இல்லை. 1975இல் ஃபெராரியில் ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆனார். இங்கிலாந்துக்காரர் நைஜல் மான்செல் வீட்டை விற்று 1978இல் ஃபார்முலா 1க்குக் கீழ்மட்டமான ஃபார்முலா 3 ஓட்டினார், சில பந்தயத்திலேயே பணம் தீர்ந்தது, ஃபார்முலா 1 சாம்பியன் ஆனது 1992இல். இப்படி வீட்டை விற்று ஒன்றும் ஆகாமல் போனவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனக்குத் தெரிந்த வரையில் கடனில் ஓட்டுகிறவன் ஸ்டீயரிங் பிடிக்கும்போதே இ.எம்.ஐ. ஞாபகத்தில் இருக்கிறான். அது லேப் டைமில் தெரியும்.

எனக்கு 27 வயது. லேட்டா?

ஃபார்முலா 1 என்றால் லேட். அதை ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு மூன்று சீசனில் 40 புள்ளி வேண்டும், அதைச் சேர்க்கிறவர்கள் எட்டு வயதிலேயே கோ-கார்ட் என்ற சின்ன ரேஸ் வண்டியில் ஏறியவர்கள். சாலைக் காரை மாற்றி ஓட்டும் டூரிங் கார், ராலி, மணிக்கணக்கில் ஓடும் எண்டூரன்ஸ் பந்தயம் என்றால் லேட் இல்லை. அஜித் குமாரின் டீம் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே 991 கார்களுக்கான பிரிவில் மூன்றாவது வந்தது, அப்போது அவருக்கு வயது 53. அவரிடம் பணம் இருக்கிறது என்று சொல்வீர்கள். இருக்கிறது. இருந்தாலும் அந்த வயதில் ராத்திரி முழுக்க நடக்கும் பந்தயத்துக்கு உடம்பைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

நரேன் கார்த்திகேயனுக்கு ஃபார்முலா 1 ஒரே சீசனில் முடிந்துபோனதே, அது தோல்வி இல்லையா?

இல்லை ஐயா. கோவைக்காரர், தந்தை ராலி ஓட்டியவர், வசதிக்குக் குறைவில்லை. ஆனால் அவர் போன வழியில் முன்னால் போன இந்தியர் யாரும் இல்லை. 2001இல் ஜாகுவார் ஃபார்முலா 1 காரில் டெஸ்ட் ஓட்டினார், ஜோர்டன் என்ற ஃபார்முலா 1 டீமில் சீட் கிடைத்தது 2005இல். அதுவும் போனது. வில்லியம்ஸ் டீமில் டெஸ்ட் டிரைவராக இருந்தார், நாடுகளுக்கிடையே நடந்த ஏ1 ஜிபி பந்தயம் ஓட்டினார், 2011இல் மறுபடி ஃபார்முலா 1 வந்தார். பிறகு ஜப்பானில் சூப்பர் ஃபார்முலா பந்தயத் தொடர். 2019இல் ஃபுஜியில் ஜப்பானின் சூப்பர் ஜிடி தொடர், ஜெர்மனியின் டிடிஎம் தொடர் இரண்டின் கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயத்தில் ஜெயித்தபோது வயது 42. நமக்கு ஃபார்முலா 1 மட்டும்தான் கண்ணில் படுகிறது.

அண்ணா, நான் பெண். டீம்களில் சிரிக்கிறார்கள்.

அமெரிக்க ரேஸ் டிரைவர் ஜேனட் கத்ரியை இண்டியானாபொலிஸில் சிரித்ததைவிட அதிகமாகவா, தங்கச்சி? இயற்பியல் படித்தவர், விமானத் துறைப் பொறியாளர், தன் ஜாகுவார் காரைத் தானே பிரித்து மாட்டியவர். 1977இல் அங்கே நடக்கும் இண்டி 500 பந்தயத்துக்குத் தகுதி பெற்ற முதல் பெண். 1978இல் தானே டீம் அமைத்து, உடைந்த மணிக்கட்டோடு ஓட்டி ஒன்பதாவது வந்தார். சிரிக்கிறவர்களிடம் வாதாடாதே, ஓட்டிய நேரம் பதிவான டேட்டா ஷீட்டைக் கேள். அதையும் தராத டீம் உனக்கு எதற்கு?

ஸ்பான்சருக்கு எழுதிய கடிதத்தை இணைத்திருக்கிறேன். யாரும் பதில் போடவில்லை.

படித்தேன். முழுக்க “என் கனவு”. பேட்டரிக் கடைக்காரருக்கு அதில் என்ன கிடைக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. பணமாகக் கேட்காதீர்கள், முதலில் பொருளாகக் கேளுங்கள்: ஆயில், பிரேக் பேட், கார் ஏற்றிப்போக ஒரு வண்டி. பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை அவர் கடை வாசலில் காரை நிறுத்தி வைக்கிறேன் என்று சொல்லுங்கள். பந்தயம் முடிந்ததும், தோற்றிருந்தாலும், படத்தோடு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். இரண்டாம் வருடம் பணம் தருகிறவர் பெரும்பாலும் இவர்தான்.

பழைய ஹெல்மெட், பழைய ரேஸ் சூட் வாங்கலாமா?

சூட் வாங்கலாம், பாதுகாப்புத் தர லேபிள் செல்லுபடி ஆகிறதா, ஆயில் கறை இருக்கிறதா என்று பார்த்து. ஹெல்மெட் வேண்டாம், ஒருமுறை கீழே விழுந்ததா என்பது வெளியே தெரியாது. பைக் ஹெல்மெட்டும் காருக்கு ஆகாது, அதன் உள்துணி நெருப்புக்குத் தாங்காது. கார் பந்தய ஹெல்மெட்டுக்கான தர முத்திரையான ஸ்னெல் எஸ்ஏ இருக்கிறதா என்று பார்த்துப் புதிதாக வாங்குங்கள். மற்ற எதிலும் மிச்சம் பிடிக்கலாம்.