இருபது சீட்டுகள்

அன்புள்ள ஐயா,

‘எக்ஸ் பிளஸ் ஒய்’ படத்தை என் மகனை நினைத்துத்தான் பார்த்தேன். அவனுக்கு 14 வயது. கணக்கில் புலி, வீட்டில் ஊமை. படத்தில் நேதன் என்ற பையன் அத்தனை பாடுபட்டு சர்வதேச கணித ஒலிம்பியாட் வரை போய், தேர்வறையிலிருந்து பாதியில் எழுந்து ஓடிவிடுகிறான். அவ்வளவு திறமையும் வீண்தானே? தைவான் முகாமில் கரும்பலகையில் அவன் போடும் கணக்கு எனக்குப் புரியவில்லை, ஓட்டிவிட்டேன். என் மகனை ஒலிம்பியாட் பயிற்சிக்கு அனுப்பலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அனுப்பலாமா என்பதை அவனிடமே கேளுங்கள். இரண்டு நாள் தேர்வு. ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம், மூன்றே கணக்கு. ஒரே கணக்கோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்க அவனுக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போகட்டும்.

‘வீண்’ என்ற சொல்லைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நேதன் எழுந்து போய் எங்கே உட்கார்கிறான்? ஒரு சீன உணவகத்தில், அம்மாவோடு. விபத்தில் அப்பா போன பிறகு அவளைக் கிட்டவே விடாதவன். இறால் உருண்டைகூடப் பகா எண் கணக்கில் வந்தால்தான் சாப்பிடுவான். அதையும் பார்த்துப் பார்த்து வாங்கித் தருகிறவள் அவள். உன் கணக்கை எனக்கும் சொல்லேன் என்று கேட்டவளிடம், உனக்கு அவ்வளவு அறிவு போதாது என்று சொன்னவன். அந்த மேசையில் அவன் அவள் கையைப் பிடிக்கிறான். அம்மாவாக நடித்த ஸாலி ஹாக்கின்ஸின் முகத்தை அந்த இடத்தில் இன்னொரு தடவை பாருங்கள். இயக்குநர் மார்கன் மேத்யூஸ், 2006-இல் ஒலிம்பியாட்டுக்காக ஸ்லோவேனியா போன பிரிட்டிஷ் அணியைப் பற்றி முன்பே ஆவணப்படம் எடுத்தவர். இப்படிப்பட்ட பிள்ளைகளோடு பழகியவர்.

சரி, அதை விடுங்கள். கரும்பலகைக் காட்சியை ஓட்டிவிட்டேன் என்கிறீர்களே, அதை எப்படி விடுவது? நாலு பேர் முன்னால் நிற்கவே கூசும் பையன் வாய் திறக்கும் இடம் அது. கணக்கும் ஒன்றும் மந்திரம் இல்லை. 20 சீட்டுகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருக்கிறது. கவிழ்ந்திருக்கும் ஏதாவது ஒன்றை மலர்த்த வேண்டும். கூடவே அதன் வலது பக்கச் சீட்டையும் புரட்ட வேண்டும். எப்படி ஆடினாலும் ஆட்டம் நின்றே தீரும் என்று நிரூபிக்க வேண்டும். மலர்ந்த சீட்டு மறுபடி கவிழ்கிறதே, பிறகு எப்படி நிற்கும்? நேதன் கவிழ்ந்ததை 1 என்றும் மலர்ந்ததை 0 என்றும் வைத்துக்கொள்கிறான். வரிசை, 1, 0 மட்டும் வைத்து எழுதும் ஓர் இரும எண்ணாகிவிடுகிறது. அதில் ஒவ்வொரு இடத்துக்கும் வலது பக்கத்து இடத்தைப்போல் இரண்டு மடங்கு மதிப்பு. ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் அந்த எண் குறைகிறது. பூஜ்யத்துக்குக் கீழே போக வழியில்லை. அவ்வளவுதான்.

படம் பார்த்த மறுநாள், அண்ணன் மகளோடு பாயில் 5 சீட்டு பரப்பி ஆடிப்பார்த்தேன். அவளுக்கு அப்போது 13 வயது. யார் முகத்தையும் பார்க்கமாட்டாள், எது கேட்டாலும் தலையாட்டல்தான். ஐந்தும் கவிழ்ந்திருந்தால் 16, 8, 4, 2, 1 எல்லாம் சேர்ந்து 31. நான் இரண்டாவது சீட்டை மலர்த்தி, மூன்றாவதையும் புரட்டினேன். 31 போய் 19 வந்தது. அவள் முதல் சீட்டை எடுத்தாள், 11. நான் மறுபடி இரண்டாவதை; 7. “நாலும் பகா எண்” என்றாள், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் இரும எண் விளக்கத்தை ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவே இல்லை. முதல் சீட்டின் மேல் விரலை வைத்தாள்.

“இதுக்கு இடது பக்கம் யாரும் இல்ல சித்தப்பா. ஒரு தடவை மலர்ந்தா அவ்வளவுதான், இதைத் திருப்பிக் கவுக்க ஆளே கிடையாது. இது அடங்கிட்டா ரெண்டாவதைக் கவுக்கவும் ஆள் இல்ல. அப்புறம் மூணாவது.”

விரல் ஒவ்வொரு சீட்டாக நகர்ந்தது. நேதன் போட்டது ஒரு வழி, இது இன்னொரு வழி. எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்று ராத்திரி சாப்பாடு ஆறும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். அதுவரை நான் அவளிடம் கேட்டதெல்லாம் ‘எத்தனை மார்க்?’ என்பது மட்டும்தான்.

மகனை ஊமை என்கிறீர்கள். அவன் பேசுகிற விஷயம் வந்தால் நீங்கள் ஓட்டிவிடுகிறீர்கள். இன்றைக்கே ஒரு சீட்டுக்கட்டு வாங்கிக்கொண்டு போங்கள். 20 வேண்டாம், 5 போதும். புரியாத இடத்தில் ‘புரியலைடா, மறுபடி சொல்லு’ என்று கேளுங்கள்.