உபியா, சங்கியா?

அன்புள்ள அக்கா,

நான் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ்நாட்டில் எனக்கு ஓட்டு கிடையாது. எங்கள் வட்டாரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில், பொங்கல் விழாவைத் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்கலாமே என்று எழுதினேன். ஒருவர் ‘200?’ என்று மட்டும் போட்டார். ஒலிபெருக்கி வாடகையைக் கேட்கிறார் என்று நினைத்து, ‘இல்லை, 180 வெள்ளிதான்’ என்று பதில் சொன்னேன். குழுவே சிரித்தது. ‘200 ரூபாய் உபி’ என்றால் காசுக்கு எழுதும் திமுக தொண்டர் என்று அம்மாதான் பிறகு விளக்கினார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்த படத்தைப் போட்டேன். இன்னொருவர் ‘சங்கி’ என்றார். நான் யார், அக்கா? குழுவிலிருந்து விலகிவிடவா?

வாசகி, ஈசூன்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் 180 வெள்ளியைப் படித்தபிறகு வெகுநேரம் எனக்கு மனசு ஆறவில்லை. விழாவுக்கு வாடகைக் கணக்குப் பார்த்த பெண்ணைக் கட்சிக்காரன் காசு கொடுத்து எழுத வைத்தான் என்கிறார்கள்.

கருணாநிதி முரசொலியில் தொண்டர்களுக்கு எழுதிய கடிதங்களில் ‘உடன்பிறப்பே’ என்றுதான் அழைப்பார். அந்த உறவுச்சொல்லை இரண்டு எழுத்தாக வெட்டி, முன்னால் ஒரு கூலியையும் ஒட்டிவிட்டார்கள். சங்கி, 1925இல் நாக்பூரில் தொடங்கிய ஆர்எஸ்எஸ்ஸின் பெயரில் உள்ள ‘சங்’கிலிருந்து வந்தது. ஒருவர் அந்தக் கொள்கையை ஏற்று நின்றால் அதை எடுத்துச் சொல்லி எதிர்க்கலாம், நானும் எதிர்ப்பேன். பால்குடம் சுமந்ததற்கா அந்தப் பெயர்? சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்து நடப்பவர்களில் சீனர்களும் உண்டு. அவர்களை எந்தக் கட்சியில் சேர்ப்பார்கள்?

நம் ஊரிலும் ‘ஐபி’ இருக்கிறது. அரசாங்கத்துக்குச் சாதகமாக ஒரு வரி எழுதிவிட்டால் போதும், இணையப் படையின் ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இப்படி வீசப்படும்போது மூன்று சொல்லும் ஒன்றையே சொல்கின்றன: இதை நீ பேசவில்லை, உன்னைப் பேச வைக்கிறார்கள். அப்படி ஆக்கிவிட்டால் வாழ்த்துப் பாடலாமா, வேண்டாமா என்று யாரும் பதில் சொல்லவே தேவையில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

ஐம்பது அறுபதுகளில் இங்கே ‘கம்யூனிஸ்ட்’ என்ற பெயர் அப்படித்தான் சுற்றியது. உண்மையான கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள், அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் இடதுசாரி எதிர்க்கட்சியான பாரிசான் சோசியலிஸின் சியா தை போவை நினைத்துப் பாருங்கள். 1966இல் விசாரணையின்றி அடைத்தார்கள். மலாயா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் என்றது அரசாங்கம். இல்லை என்றார் அவர். வன்முறையைக் கைவிடுவதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தால் முன்பு வன்முறையை ஆதரித்ததாக ஒப்புக்கொண்டது போலாகும் என்று மறுத்துவிட்டார். 1989 வரை 23 ஆண்டுகள் உள்ளே இருந்தார். அதற்குப் பிறகும் கட்டுப்பாடுகளோடு செந்தோசாத் தீவில்தான் வைத்தார்கள். வாட்ஸ்அப் ஏச்சை அதோடு சேர்த்து எடை போட நான் வரவில்லை. பிறர் ஒட்டிய பெயருக்குக் கையெழுத்துப் போடக்கூடாது என்ற அவருடைய உறுதியை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

ஆகவே விலகாதீர்கள். ‘நான் உபி இல்லை, சங்கி இல்லை’ என்று விளக்கமும் எழுத வேண்டாம். எழுதினால் பேச்சு உங்களைச் சுற்றியே போகும், பாட்டு காணாமல் போய்விடும். இருவரும் உங்கள் வட்டாரத்துக்காரர்கள்தானே? ஃபோன் போட்டுப் பேசுங்கள், முடிந்தால் புளோக் கீழே சந்தியுங்கள். பாட்டு ஏன் வேண்டாம் என்று மட்டும் கேளுங்கள்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், இந்தி பற்றிய ஒரு விவாதத்தில் பழைய நண்பர் ஒருவரைச் சங்கி என்று எழுதினேன். பல மாதங்கள் அவர் என்னோடு பேசவில்லை. ஒருநாள் தேக்கா காப்பிக் கடையில் எதிரே வந்து உட்கார்ந்தார். “அன்னைக்கு நான் என்ன சொன்னேன், சொல்லும்மா பார்ப்போம்” என்றார். எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் வைத்த பெயர் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. தே தாரிக் ஆறிப்போனது. பிறகு அவரே சொன்னார். மருமகள் வடநாட்டுப் பெண், பேரன் பள்ளியில் தாய்மொழிப் பாடமாக இந்தி எடுத்திருக்கிறான், பிள்ளையைக் கேலி பண்ணாதீர்கள் என்றுதான் அன்று எழுதியிருந்தாராம்.

அன்புடன்,
அக்கா