மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீர்ச் சூடும் இரவு வியர்வையும்: இயற்கை வழிகள் எவ்வளவு தூரம் உதவும்?

கேள்வி: எனக்கு வயது 48. கடைசியாக மாதவிடாய் வந்து ஏழு மாதம் ஆகிறது. பகலில் நான்கைந்து முறை நெஞ்சிலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறி வியர்த்துக் கொட்டுகிறது. இரவில் உடை நனைந்து விழித்துக்கொள்கிறேன், அப்புறம் தூக்கம் வருவதே இல்லை. வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறேன். ஹார்மோன் மாத்திரை எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்கிறார்கள், அதனால் பயமாக இருக்கிறது. தோழி ஒருத்தி மூலிகை கேப்ஸ்யூல் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுத்துவருகிறேன். இயற்கையான வழிகளிலேயே இதைச் சமாளிக்க முடியுமா?

பதில்: நிறையவே சமாளிக்கலாம். ஆனால் எல்லாத் தொல்லைக்கும் ஒரே வழி கிடையாது. தூக்கம், மனநிலை, எலும்பு ஆகியவற்றுக்கு மருந்தில்லா வழிகள் நன்றாகக் கைகொடுக்கும். சூடு ஏறுவதை அவை ஓரளவுதான் குறைக்கும். எது எதற்கு உதவும் என்று தெரிந்துகொண்டால் பணமும் வீணாகாது, மனசும் சோர்ந்துபோகாது.

முதலில், அந்தச் சூடு ஏன் வருகிறது? உடலின் வெப்பநிலையைக் கவனித்துக்கொள்வது மூளையிலுள்ள ஹைபோதாலமஸ். வெப்பநிலை லேசாக ஏறி இறங்கினால் அது வழக்கமாகக் கண்டுகொள்ளாது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது அந்தப் பொறுமை போய்விடுகிறது. துளி வெப்பம் கூடினாலும் உடல் கொதித்துவிட்டதாக நினைத்து, தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டவைத்து, இதயத்தையும் வேகமாகத் துடிக்கவைக்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அந்த நேரத்தில் வெப்பம் வெளியே போய்விடுவதால், முடிந்ததும் பலருக்கு லேசாகக் குளிரும். உடம்பில் சூடு சேர்ந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், போய்விடும்" என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்த வார்த்தையில் உடன்பாடில்லை. அமெரிக்காவில் பல ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வின் முடிவுகள் 2015-இல் வந்தன. அடிக்கடி சூடும் வியர்வையும் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்திருக்கிறது. தூங்காமல், சிடுசிடுப்போடு அத்தனை வருடம் ஏன் கழிக்க வேண்டும்?

உங்களை அதிகம் வாட்டுவது இரவு என்று தோன்றுகிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குவோம். அறையைக் குளிர்ச்சியாக வையுங்கள். தடித்த ஒற்றைப் போர்வைக்குப் பதில் மெல்லியதாக இரண்டு இருந்தால், தேவைப்படும்போது ஒன்றை விலக்கலாம். மாற்று உடை, சிறிய துண்டு, தண்ணீர் மூன்றும் கட்டிலிலிருந்து கை நீட்டினால் கிடைக்க வேண்டும். விழித்ததும் பெரிய விளக்கைப் போடாதீர்கள், மணி பார்க்காதீர்கள், போனைத் தொடாதீர்கள். உடையை மாற்றிவிட்டுப் படுங்கள். கால் மணி, இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் எங்காவது உட்கார்ந்து, கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள், பகல் தூக்கம் வேண்டாம். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் தூக்கமின்மைக்குத் தூக்க மாத்திரைக்கு முன்பே முயன்று பார்க்க வேண்டிய முறை இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சூடு ஏறும்போது மனசுக்குள் என்ன ஓடுகிறது? "எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்", "போச்சு, இன்றைக்கும் தூக்கம் கெட்டது". இந்த எண்ணம் வந்தவுடன் படபடப்பு கூடுகிறது, அந்த மூன்று நிமிடம் முப்பது நிமிடம் போலத் தெரிகிறது. இதை மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சு சிகிச்சை இருக்கிறது. இதனால் சூடு வரும் எண்ணிக்கை பெரிதாகக் குறையாவிட்டாலும், அது தரும் துன்பம் தெளிவாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்தச் சங்கம் ஹார்மோன் அல்லாத சிகிச்சைகளைப் பற்றி 2023-இல் வெளியிட்ட அறிக்கை, மருந்தில்லா வழிகளில் உறுதியாகப் பரிந்துரைப்பது இதையும் மருத்துவ முறையிலான ஹிப்னாஸிஸையும்தான். மனநல ஆலோசகர் ஒருவரிடம் சில அமர்வுகளில் கற்றுக்கொள்ளலாம். மனப்பிரமை என்று உங்களை ஒதுக்குவதாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். தொல்லை உடலில்தான் இருக்கிறது, அதை எதிர்கொள்ளும் விதத்தைத்தான் மாற்றுகிறோம்.

எடை கூடுதலாக இருந்தால் குறைப்பதும் சூட்டுக்கு உதவும். உணவு மாற்றத்தால் பத்து சதவீதமோ அதற்கு மேலோ எடை குறைந்த பெண்களில் பலருக்கு இந்தத் தொல்லை நின்றுபோனது ஒரு பெரிய ஆய்வில் தெரியவந்தது. புகைப்பழக்கம் சூட்டைக் கூட்டும். மது, சூடான பானம், காரம், புழுக்கமான அறை, மனப் பதற்றம் ஆகியவற்றில் எது உங்களுக்குத் தூண்டுகிறது என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம், உங்களுக்கு ஒத்துவராததை மட்டும் விட்டால் போதும்.

நடைப்பயிற்சி, யோகா, மூச்சுப் பயிற்சி? சூட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் இவற்றுக்கு வலுவான ஆதாரம் இல்லை. அதற்காக விட்டுவிடாதீர்கள். தூக்கம், மனநிலை, இதயம், எலும்பு, உங்கள் ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் உடற்பயிற்சி நல்லது. வாரத்துக்கு 150 நிமிட வேக நடையும், இரண்டு நாள் தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் செய்யுங்கள். மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும். வெளியே எதுவும் தெரியாது என்பதால் பலர் இதைக் கோட்டைவிடுகிறார்கள். ஐம்பது வயது தாண்டியதும் பெண்களுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். முடிந்தவரை உணவிலிருந்தே எடுங்கள், போதாததை மட்டும் மாத்திரையால் ஈடுகட்டலாம்.

சோயாவைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். அதில் ஈஸ்ட்ரோஜனை ஒத்த ஐசோஃபிளேவோன் இருக்கிறது. சிலருடைய குடல் பாக்டீரியா மட்டுமே அதை ஈக்வால் என்ற வீரியமான பொருளாக மாற்றும். ஒருத்திக்குக் கேட்டது இன்னொருத்திக்குக் கேட்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உணவாகச் சாப்பிடலாம், தவறில்லை. பெரிய மாற்றத்தை எதிர்பார்த்துக் கேப்ஸ்யூலாக வாங்க வேண்டாம்.

சரி, தோழி கொடுத்த மூலிகை கேப்ஸ்யூலுக்கு வருவோம். தயவுசெய்து அதை இப்போதைக்கு ஆரம்பிக்காதீர்கள். பிளாக் கோஹோஷ், ரெட் க்ளோவர், ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் என்று பல பெயர்களில் இவை வருகின்றன. எதற்கும் நம்பகமான, ஒரே மாதிரியான பலன் நிரூபிக்கப்படவில்லை. தோழிக்குக் குறைந்தது என்றால் அவர் பொய் சொல்லவில்லை. ஹார்மோன் சிகிச்சை ஆய்வுகளில் வெறும் போலி மாத்திரை எடுத்த பெண்களுக்கே சூடு வரும் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. இந்தத் தொல்லை தானாகவும் ஏறி இறங்கும், நம்பிக்கைக்கும் அதில் பங்கு உண்டு. எனக்குக் கவலையெல்லாம் பக்கவிளைவுகள்தான். பிளாக் கோஹோஷ் எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை பல மருந்துகளின் வேலையைக் கெடுக்கும். உங்களுக்கு முக்கியமானது அதிமதுரம். இப்படிப்பட்ட கலவைகளில் அது சேர்வதுண்டு. தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அழுத்த மாத்திரை எடுக்கும் ஒருவர் இதில் விளையாடக் கூடாது.

ஹார்மோன் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்து எடுத்தவர்களில், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு எட்டுப் பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். செய்தி உலகமெங்கும் பரவியது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63 என்பது அவ்வளவாகப் பரவவில்லை. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள், தொல்லை கடுமையாக இருந்து வேறு தடை இல்லாத பெண்களுக்கு நன்மையே பொதுவாக அதிகம் என்பது இன்றைய நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டு, பக்கவாதம், கல்லீரல் நோய் வந்தவர்களுக்கு வழக்கமாகத் தரமாட்டோம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் அது ஒரு தடையாகாது, அப்படிப்பட்டவர்களுக்குத் தோலில் ஒட்டும் ஹார்மோன் பட்டை வசதியானது. உங்களை அதற்கு இழுக்க நான் முயலவில்லை. இரண்டு மூன்று மாதம் மேலே சொன்னவற்றைச் செய்தும் இரவுகள் இப்படியே போனால், பயத்தால் மட்டும் அந்தக் கதவை மூடிவிடாதீர்கள். ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன, அவற்றில் சில சிடுசிடுப்பையும் சேர்த்துக் குறைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று: பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், தாம்பத்திய உறவில் வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று. வெட்கத்தால் பெண்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சூடு காலப்போக்கில் அடங்கலாம், ஆனால் இது தானாக அடங்காது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அதற்கென்றே உள்ள ஈரப்பதக் களிம்பும், உறவின்போது வழுக்கும் ஜெல்லும் போதுமானதாக இருக்கலாம். அங்கே சோப்பு வேண்டாம். போதாவிட்டால் உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் உண்டு. அது ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும்.

உங்கள் மருத்துவரிடம் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே வியர்வையும் படபடப்பும் வரும். உங்கள் வயதில் ஹார்மோன் அளவுப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. சோகமும் ஆர்வமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். பன்னிரண்டு மாதம் முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், தள்ளிப்போடாமல் காட்டிவிட வேண்டும். பெரும்பாலும் சாதாரண காரணமாக இருக்கும், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுவாக இருக்கலாம்.

ஏழு மாதம் ஆகிவிட்டதே என்று கருத்தடையை இப்போதே நிறுத்திவிடாதீர்கள். ஐம்பது வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்கள், கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு ஆண்டு வரை அதைத் தொடர வேண்டும்.