ஒரே நேரத் தேர்தலும் ஒரு மரபுவாதியின் தயக்கமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் அரசியல் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒன்றாகத் தேர்தல் நடத்த வழிசெய்யும் ‘ஒரே நாடு ஒரே தேர்தல்’ மசோதாவை மறுத்து நீங்கள் எழுதியது எனக்கு வருத்தமளித்தது. 1967 வரை இந்த நாட்டில் இருந்த வழக்கத்தைத்தானே அரசு மீட்க முனைகிறது? பழையதைப் பேணுவதுதானே மரபுவாதியின் கொள்கை? மசோதா வந்து பல மாதங்கள் கழித்து எழுதினீர்கள். அதையும் எதிர்த்தரப்பினர் பகிர்ந்து மகிழும்படி எழுதினீர்கள். நீங்கள் முன்னோடியாகக் கருதும் ராஜாஜியை இன்றும் குலக்கல்விக்காரர் என்று ஏசுகிறவர்கள் உங்கள் கட்டுரையைக் கொண்டாடுவது உங்களுக்குச் சங்கடமாக இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். தாமதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மசோதா 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமாயிற்று. அறிமுகத்துக்கு ஆதரவாக 269 பேரும் எதிராக 198 பேரும் வாக்களித்தனர். பின்னர் அது நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. அதற்கு அடிப்படையான, முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையிலான குழுவின் அறிக்கை, இணைப்புகளோடு சேர்த்து 18,626 பக்கங்கள் கொண்டது. அரசியலமைப்பைத் திருத்தும் ஒரு மசோதாவைப் பற்றி அன்று மாலைக்குள் கருத்துச் சொல்லியாக வேண்டும் என்ற அவசரம் எனக்கு இல்லை. நடப்பு அரசியலைப் பற்றி எழுதும் மரபுவாதிக்கு அந்த அவசரம் இருக்கவும் கூடாது என்றே நினைக்கிறேன்.

இனி பழைய வழக்கத்துக்கு வருவோம். 1951-52, 1957, 1962, 1967 ஆகிய நான்கு முறையும் மக்களவைக்கும் பெரும்பாலான சட்டமன்றங்களுக்கும் ஒன்றாகத் தேர்தல் நடந்தது உண்மை. ஆனால் அந்தக் காலத்திலும் அது முழுமையாக இருந்ததில்லை. திருவிதாங்கூர்-கொச்சி 1954இல் தனியாக வாக்களித்தது. ஆந்திரம் 1955இல் வாக்களித்தது. நம்பூதிரிபாட் அரசு கலைக்கப்பட்ட பிறகு கேரளம் 1960இல் வாக்களித்தது. 1967க்குப் பின் பல மாநிலங்களில் கூட்டணி அரசுகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்து இடைக்காலத் தேர்தல்கள் வந்தன. மக்களவையும் 1970 இறுதியில் கலைக்கப்பட்டு 1971இல் தேர்தல் நடந்தபோது பழைய ஒழுங்கு முற்றிலும் குலைந்தது. அந்த ஒழுங்கை எந்தச் சட்டமும் ஆக்கவில்லை, எந்தச் சட்டமும் அழிக்கவுமில்லை. பெரும்பாலான அவைகளும் ஒரே காலத்தில் பிறந்ததால் சில காலம் ஒன்றாக நடந்தன, அவ்வளவுதான். அதற்கு அடியில் இருந்த நெறி வேறு: அவையின் நம்பிக்கை உள்ளவரை அரசு நீடிக்கும், நம்பிக்கை போனால் மக்களிடம் திரும்பச் செல்ல வேண்டும், மக்கள் தரும் புதிய ஆணை ஐந்தாண்டுகளுக்கு உரியது. நான் பேண விரும்பும் மரபு இதுதான். தேதிகளின் ஒற்றுமைக்காக இந்த நெறியைத் தளர்த்துவதை மீட்பு என்று என்னால் அழைக்க முடியவில்லை.

மசோதா அதைத்தான் தளர்த்துகிறது. ஒரு சட்டமன்றம் இடையில் கலைந்தால், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் அவைக்கு எஞ்சிய காலம் மட்டுமே ஆயுள். மூன்றாண்டு முடிந்து கலைந்தால் மக்கள் இரண்டாண்டுக்கு ஓர் அரசைத் தேர்ந்தெடுப்பார்கள். மக்களவை முன்கூட்டியே கலைந்தாலும் இதே விதி. மேலும், 82ஏ என்ற புதிய பிரிவின்படி, ஒரு மாநிலத் தேர்தலை மக்களவைத் தேர்தலோடு நடத்த இயலாது என்று தேர்தல் ஆணையம் கருதினால், அதைத் தள்ளிவைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்கலாம். எத்தனை காலம் வரை தள்ளலாம் என்ற வரம்பை அந்தப் பிரிவில் நான் காணவில்லை.

செலவு குறையும், தேர்தல் நடத்தை விதிகளால் அரசுப் பணிகள் அடிக்கடி தடைபடுவது குறையும் என்ற வாதங்களில் நியாயம் உண்டு. அவற்றை நான் ஏளனம் செய்யவில்லை. எந்த மாற்றத்தையும் பார்த்து நான் கேட்கும் கேள்விகள் இரண்டு. கணக்குத் தவறினால் அந்தத் தவறைச் சுமக்கப்போகிறவர் யார்? தவறென்று தெரிந்தபின் திரும்பிவர வழி இருக்கிறதா? இங்கே சுமையைத் தாங்கப்போகிறவர் மாநிலத்து வாக்காளர்; அரசியலமைப்பில் ஏறிவிட்ட ஒன்றை இறக்குவதற்கு மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். நிலத்தைப் பற்றியோ வரியைப் பற்றியோ இடதுசாரி அரசு ஒன்று மசோதா கொண்டுவந்தால் இதே கேள்விகளை நான் கேட்பதை நீங்கள் பாராட்டுவீர்கள். நமக்கு உவப்பான அரசு கொண்டுவரும்போது கேட்காமல் விட்டால், அந்தக் கேள்விகளுக்கு என்ன மதிப்பு?

ராஜாஜியை நான் முன்னோடியாகக் கருதுவதும் இதனால்தான். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் ‘சுயராஜ்யா’ வார இதழில் வாசகருக்கு எழுதும் கடிதம் போலவே தன் பத்தியை எழுதிவந்தவர் அவர். 1959 ஜனவரியில் நாகபுரிக் காங்கிரஸ், நிலங்களை ஒன்றுசேர்த்துப் பயிரிடும் கூட்டுறவு விவசாயத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது, வாழ்நாளெல்லாம் உழைத்த கட்சியை எதிர்த்து, எண்பது வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அந்தக் கட்சியின் அடிப்படைக் கொள்கைகள் இருபத்தொன்று. அவற்றுக்குள் அடங்காத விஷயங்களில் உறுப்பினர் தம் மனப்படி நடக்கலாம் என்பதையே ஒரு கொள்கையாக எழுதிவைத்தார்கள். அமெரிக்காவின்பால் பரிவு கொண்ட கட்சியின் நிறுவனராக இருந்துகொண்டே, 1962இல் வாஷிங்டன் சென்று அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி கென்னடியிடம் வாதாடினார். ஐந்தாண்டுகள் நேருவை விடாமல் எதிர்த்தவர், 1964இல் காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லாவைச் சிறையிலிருந்து விடுவித்து காஷ்மீருக்கு ஒரு தீர்வு தேடிய நேருவின் முயற்சியை ஆதரித்தார். அந்த மே மாதம் அப்துல்லா சென்னை வந்து அவரைச் சந்தித்தார். அப்போதும் ‘யாருக்கு உதவுகிறீர்கள்’ என்று அவரிடம் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். 1967இல் தன்னுடன் கூட்டணி கண்ட தி.மு.க. அரசு 1971இல் மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தபோது, முதல்வர் கருணாநிதியை நேரில் சந்தித்து வேண்டாமென்று கேட்டுக்கொண்டவரும் அவரே.

குலக்கல்வியைப் பற்றி நீங்கள் எழுதிய வரிதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. 1953இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மற்ற நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை நம் தரப்பினர் பலர் நிதிப் பற்றாக்குறையைக் காட்டிப் பரிந்து பேசுகிறார்கள். பற்றாக்குறை மெய்தான், பள்ளியில்லாத பிள்ளைகள் ஏராளம் என்பதும் மெய்தான். ஆனால் நான் மேலே சொன்ன இரு கேள்விகளையும் அந்தத் திட்டத்திடம் கேட்டுப் பாருங்கள். சட்டமன்றத்தில் விவாதிக்காமல் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டம் தவறாகப் போயிருந்தால், பிழையைச் சுமந்திருப்பவர் யார்? தோட்டியின் மகனும் வண்ணாரின் மகளும் சுமந்திருப்பார்கள். திட்டம் தீட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் சுமந்திருக்க மாட்டார்கள். கையெழுத்துப் போட முதன்முதலாகக் கற்றுக்கொண்டிருந்த குடும்பங்கள், பாதி நாளைத் தங்களிடமிருந்து பறிக்கிறார்கள் என்று அஞ்சியதில் என்ன பிழை? பெரியாரும் தி.மு.க.வினரும் எதிர்த்தனர், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது, 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வராகித் திட்டத்தைக் கைவிட்டார். பேணப்படும் ஒழுங்குக்குள் யாருக்கு இடமிருக்கிறது, யார் வாசலில் நிற்கிறார்கள் என்று பார்க்காத மரபுவாதம் தன் சொந்தத் தேர்விலேயே தோற்றுவிடுகிறது. ராஜாஜியை நேசிக்கிறவன் என்ற முறையில் இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. எழுதாமல் விட்டால், அவர் மற்ற எல்லா இடங்களிலும் காட்டிய நேர்மைக்கு நான் உண்மையாக இருந்தவனாக மாட்டேன்.

எனவே அவரை ஏசுகிறவர்கள் என் கட்டுரையைப் பகிர்வதில் எனக்குச் சங்கடமில்லை. 1953ஐப் பற்றி அவர்கள் சொல்வதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். 1959ஐப் பற்றி நான் சொல்வதை அவர்களில் ஒருசிலராவது வாசிக்கட்டும்.

மசோதாவின் வாசகத்தை நீங்களும் ஒருமுறை வாசியுங்கள். எஞ்சிய காலத்துக்கு மட்டும் தேர்தல் என்ற விதியால் மக்களின் ஆணை குறுகிவிடாது என்பதற்கு வலுவான காரணம் உங்களுக்குத் தோன்றினால் விரிவாக எழுதி அனுப்புங்கள். என் கட்டுரை வெளியான இதே இடத்தில் அதை முழுமையாக வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்