சம்பளம் என்றதும் ஏன் முகம் சுளிக்கிறோம்?

கேள்வி: அரசு மருத்துவமனையில் என் அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். மருத்துவர்களின் வேலைநிறுத்தத்தால் இரண்டு முறை தேதி தள்ளிப்போய்விட்டது. ஆள் போதவில்லை, மருந்து இல்லை என்று போராடினால் நானும் கூட நிற்பேன். சம்பளத்துக்காக நோயாளிகளைத் தவிக்க விடலாமா? மக்கள் அவர்களுக்கு எதிராகத் திரும்பினால் அதில் என்ன தவறு?

பதில்: இரண்டு முறை மனதைத் தயார்படுத்திக்கொண்டு, இரண்டு முறையும் இன்னும் நாளாகும் என்று கேட்பது வலியோடு இருப்பவருக்குக் கொடுமை. நீங்கள் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் ஆள் பற்றாக்குறைக்காகப் போராடினால் கூட நிற்பேன், சம்பளத்துக்கு என்றால் மாட்டேன் என்கிறீர்கள் பாருங்கள், அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆள் ஏன் போதவில்லை? படித்து முடித்தவர் தனியார் மருத்துவமனைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார். மிச்சமிருப்பவர் அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்கிறார். இரவுப் பணி முடித்த கையோடு பகல் பணியும் பார்த்து, ஒரு நாள் அவரும் கிளம்பிவிடுகிறார். இதில் சம்பளத்தைத் தனியாகவும் நோயாளியின் நலனைத் தனியாகவும் எப்படிப் பிரிப்பீர்கள்? உங்கள் அம்மா காத்திருக்கும் வரிசை, வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே நீண்டுதானே இருந்தது?

இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2020 மார்ச் 26 தொடங்கி பத்து வாரம், வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்கு மக்கள் வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்குக் கைதட்டினார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2023 மார்ச்சில், அதே பொது மருத்துவமனைகளின் இளநிலை மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 35 சதவீத உயர்வு வேண்டும் என்றதும் ‘பேராசை’ என்று பலர் கொதித்தார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தவர்கள் குறைவு. 2008க்குப் பிறகு விலைவாசியோடு ஒப்பிட்டால் தங்கள் சம்பளத்தின் மதிப்பு 26 சதவீதம் சரிந்துவிட்டது என்பது அவர்கள் சங்கத்தின் கணக்கு. நூறு ரூபாய் எழுபத்து நான்காகிவிட்டால், அதைத் திரும்ப நூறாக்க எழுபத்து நான்கின் மேல் 35 சதவீதம் கூட்ட வேண்டும். கேட்டது பழைய சம்பளத்தைத்தான். சங்கம் எடுத்துக்கொண்ட விலைவாசிக் குறியீடு சரிவைப் பெரிதாகக் காட்டுகிறது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. அந்த வாதத்திலும் பொருள் உண்டு. ஆனால் எவ்வளவு சரிந்தது என்பதில்தான் சண்டை. சரியவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

மக்கள் கருத்துக்கு வருவோம். அதே நாட்டில் 2016இல் பணி ஒப்பந்தத்தை எதிர்த்து இளநிலை மருத்துவர்கள் போராடினார்கள். அவசர சிகிச்சையைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டு மற்ற வேலையை மட்டும் நிறுத்தியபோது, கருத்துக்கணிப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் அவர்கள் பக்கம் நின்றார்கள். ஏப்ரலில் அவசரப் பிரிவிலிருந்தும் விலகப்போகிறோம் என்று அறிவித்தபோது ஆதரவு 57 சதவீதத்துக்கு இறங்கியது. இறங்கியும் பாதிக்கு மேல்தான். அப்புறம் 2024 செப்டம்பரில், இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து சராசரியாக 22 சதவீத உயர்வை மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஓராண்டுகூட ஆகவில்லை, 2025 ஜூலையில் மறுபடி ஐந்து நாள் வேலைநிறுத்தம். இந்த முறை பாதிக்கும் மேற்பட்டோர் எதிர்த்தார்கள். மருத்துவர்கள் இழந்த சம்பளம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லைதான். ஆனாலும் அத்தனை சீக்கிரம் மறுபடி இறங்கியது தவறு என்றே நினைக்கிறேன். அதுவரை பொறுத்துக்கொண்ட நோயாளியிடம் இன்னும் கொஞ்சம் பொறு என்று சொல்வதற்கு முன், பேச்சுவார்த்தையில் எல்லா வழியும் அடைபட்டுவிட்டது என்பதை அவருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

வேலைநிறுத்தம் என்றாலே சாவு என்ற அச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 1976க்கும் 2003க்கும் இடையில் நடந்த ஐந்து மருத்துவர் வேலைநிறுத்தங்களைப் பற்றிய ஆய்வுகளை 2008இல் தொகுத்துப் பார்த்தார்கள். அந்த நாட்களில் இறப்பு விகிதம் கூடவில்லை. சில இடங்களில் குறைந்தும் இருந்தது. அவசர சிகிச்சையை வேறு மருத்துவர்கள் பார்த்துக்கொண்டதும், தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகள் நின்றதும் முக்கியக் காரணங்கள். ஆக, அந்தச் சுமையை வாங்கிக்கொண்டவர்கள் உங்கள் அம்மாவைப் போன்றவர்கள்தான். அவர்களுடைய வலி எந்த இறப்புக் கணக்கிலும் வராது. போராடும் மருத்துவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் கென்யா. 2013இல் அரசு சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நிறைவேற்றவில்லை. மூன்று ஆண்டு பொறுத்துவிட்டு, 2016 டிசம்பரில் பொது மருத்துவமனை மருத்துவர்கள் வேலையை நிறுத்தினார்கள். 2017 பிப்ரவரியில் சங்கத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். நூறு நாள் நீடித்தது. பணம் உள்ளவர் தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டார், இல்லாதவர் எங்கே போவார்? அந்த நூறு நாள் துன்பத்துக்கு மருத்துவர்கள் மட்டுமா பொறுப்பு? கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று ஆண்டு சும்மா இருந்தவர்கள்தான் முதல் குற்றவாளிகள் என்பேன்.

எல்லா மருத்துவர் போராட்டத்தையும் நான் ஆதரிப்பதாக எண்ண வேண்டாம். 1962இல் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம் அனைவருக்கும் பொது மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏழைக்குக் கிடைக்கவிருந்த சிகிச்சையைத் தடுக்கும் போராட்டம் அது. பொது மருத்துவமனையை விட்டுப் போகாமல், அங்கேயே வேலை செய்ய வழி கேட்பவரை அவர்களோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

மக்கள் எதிராகத் திரும்பினால் என்ன தவறு என்று கேட்டீர்கள். திரும்பலாம். அவசரப் பிரிவைக் கைவிட்டால், முன்னறிவிப்பு தராமல் நிறுத்தினால், திரும்பத்தான் வேண்டும். ஆனால் சம்பளம் என்ற சொல்லைக் கேட்டதுமே திரும்பாதீர்கள். ‘சேவை’ என்று நாம் மரியாதையாகச் சொல்வதையே காட்டித்தான் ஆண்டுக்கணக்கில் சம்பள உயர்வைத் தள்ளிப்போடுகிறார்கள். வாடகையும் கல்விக் கடனும் மருத்துவருக்கும் உண்டு.

சரி, அம்மாவுக்கு இப்போது செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. முன்பு பரிசோதித்ததைவிட வலி கூடியிருந்தால், நடப்பது குறைந்திருந்தால், அதை மருத்துவமனைக்கு எழுத்தில் கொடுத்து மறுபடி பரிசோதிக்கக் கேளுங்கள். உடல்நிலை மோசமாகியிருந்தால் வரிசையில் முன்னால் வர வாய்ப்புண்டு. கூடவே, தள்ளிப்போன இரண்டு தேதிகளையும் குறிப்பிட்டு உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மருத்துவர்கள் முதல் கோரிக்கையைக் கொடுத்தது எந்த நாள், அரசு அவர்களைப் பேச அழைத்தது எந்த நாள் என்று அதில் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.