உரிமத்தை முடிவு செய்வது உங்கள் மூலப் பட்டியல்தான்

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையில் அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளில் ஆடுவதற்காக 48 பக்க சாகசம் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். அதில் பத்து மான்ஸ்டர்கள் என் கற்பனை. இரண்டை, ஓஜிஎல் (ஓப்பன் கேம் லைசென்ஸ்) என்ற திறந்த உரிமத்தில் வெளியான வேறொரு சிறு பதிப்பகத்தின் புத்தகத்திலிருந்து எடுத்தேன். கடைசி எதிரி, அந்த ஆட்டத்துக்கே உரிய மைண்ட் ஃப்ளேயர் என்ற மூளை தின்னும் மான்ஸ்டர். இதை பிடிஎஃப் ஆக விற்கலாமா? யாருக்காவது பணம் கட்ட வேண்டுமா? அட்டையில் ஆட்டத்தின் பெயரைப் போடலாமா? 2023இல் முயன்றதுபோல் ஆட்டத்தின் நிறுவனம் அனுமதியைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.

பதில்: விற்கலாம், யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். ஆனால் இப்போதிருக்கும் வடிவில் வேண்டாம். மைண்ட் ஃப்ளேயரை எடுத்துவிட வேண்டும். அந்த இரண்டு இரவல் மான்ஸ்டர்களைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

எந்த உரிமம் நல்லது என்று பலரும் முதலில் யோசிக்கிறார்கள். அது தலைகீழ் வேலை. உங்கள் 48 பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு மந்திரம், மான்ஸ்டர், மாயப்பொருள், படம், எழுத்துரு எல்லாவற்றையும் ஒரு விரிதாளில் எழுதி, பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். உரிமம் எது என்று அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

ஆட்டத்தின் உரிமையாளரான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், பிறர் பயன்படுத்துவதற்காக அடிப்படை விதிகளைத் தொகுத்து வெளியிட்ட எஸ்ஆர்டி 5.1 ஆவணத்திலிருந்து வந்தவை எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி-பிஒய் 4.0 உரிமத்தில் கிடைக்கின்றன. மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். விற்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். ஆட்டத்தின் திருத்தப்பட்ட 2024 விதிகளுக்கு 2025இல் வந்த எஸ்ஆர்டி 5.2 தனி, எதைப் பயன்படுத்தினீர்களோ அதன் எண்ணையே குறிப்பிட வேண்டும்.

தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கடையில் வாங்கிய விதிப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவார்கள். அதில் உள்ளதெல்லாம் எஸ்ஆர்டியில் இல்லை. எஸ்ஆர்டி 5.1இல் ஒவ்வொரு பாத்திர வகுப்புக்கும் ஒரே ஒரு துணைவகுப்புதான். பாத்திரப் பின்னணி ஒன்றே ஒன்று, அகோலைட். ஃபீட் எனப்படும் கூடுதல் திறனும் ஒன்றே ஒன்று, கிராப்ளர். மந்திரவாதிகளின் பெயர் தாங்கிய மந்திரங்கள் பெயர் நீக்கப்பட்டு நிற்கின்றன: பிக்பீஸ் ஹேண்ட் அங்கே ஆர்கேன் ஹேண்ட். ஆகவே சரிபார்ப்பை விதிப்புத்தகத்தோடு செய்யாதீர்கள். எஸ்ஆர்டியின் பிடிஎஃப்பைத் திறந்து ஒவ்வொரு பெயரையும் தேடிப் பாருங்கள். மைண்ட் ஃப்ளேயர், பிஹோல்டர் போன்றவற்றின் பெயர்கள் அதில் போகிறபோக்கில் தட்டுப்படும். அதைக் கண்டு குதிக்க வேண்டாம். அவற்றின் ஸ்டாட் பிளாக், அதாவது ஆடத் தேவையான எண்களும் திறன்களும் கொண்ட பட்டி, அங்கே கிடையாது. மூளை தின்னும் எதிரிதான் வேண்டுமென்றால் உருவம், பெயர், திறன் மூன்றையும் சொந்தமாகப் படையுங்கள். முகத்தில் நெளியும் பற்றுக்கைகளை மட்டும் ஒட்டி வேறு பெயர் சூட்டுவது நிறுவனத்தையும் ஏமாற்றாது, வாசகரையும் ஏமாற்றாது.

இனி அந்த இரண்டு மான்ஸ்டர்கள். ஓஜிஎல் 1.0ஏ உரிமத்தில் வந்தவற்றை சிசி-பிஒய்க்கு மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லை. அவை வேண்டுமென்றால் ஓஜிஎல் விதிகளுக்குள் போக வேண்டும். முழு உரிம வாசகத்தையும் புத்தகத்தில் அச்சிட வேண்டும். எந்தப் பகுதி திறந்த உள்ளடக்கம் என்று தெளிவாகக் குறிக்க வேண்டும். பதிப்புரிமை அறிவிப்புகளுக்கான 15ஆம் பிரிவில், எடுத்த புத்தகத்தின் 15ஆம் பிரிவில் இருக்கும் எல்லா வரிகளையும் அப்படியே சேர்த்து, கடைசியில் உங்கள் புத்தகத்தின் வரியை எழுத வேண்டும். பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இங்கேதான்: இணையத்தில் மான்ஸ்டரைப் பார்த்து எடுத்துவிட்டு, மூலப் புத்தகத்தின் வரியை விட்டுவிடுவார்கள். மீறல் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் உரிமம் முடிந்துபோகும். தவிர, அதே உரிமத்தின் 7ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் பிறர் வணிகக்குறியைச் சொல்லி 'இதோடு பொருந்தும்' என்று விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது.

இரண்டே இரண்டு மான்ஸ்டருக்காக இத்தனை சுமையா? நானாயிருந்தால் அவற்றை நீக்கிவிட்டு எஸ்ஆர்டி எண்களை அடிப்படையாக வைத்துப் புதிதாக இரண்டை எழுதிவிடுவேன்.

பாத்ஃபைண்டர் என்ற போட்டி ஆட்டத்தை வெளியிடும் பைசோ நிறுவனம் முன்னெடுத்து 2023இல் வந்த ஓஆர்சி என்ற இன்னொரு திறந்த உரிமம் உங்கள் புத்தகத்துக்குத் தேவையில்லை. பாத்ஃபைண்டரின் திருத்தப் பதிப்புக்கு எழுதுவோருக்கு அது வேண்டும். அதில் நீங்கள் சேர்க்கும் விதிமுறைகளும் தாமாகவே பிறருக்குத் திறந்துவிடும்.

பெயர் குறிப்பிடும் வாசகத்தை எஸ்ஆர்டியின் முதல் பக்கத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். எழுத்துப் பிசகாமல் ஆங்கிலத்திலேயே போட்டு, கீழே தமிழில் விளக்கி, நீங்கள் மாற்றம் செய்திருப்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். அதற்கு மேல் விஸார்ட்ஸ் பெயரைச் சொல்ல வேண்டாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. அட்டையில் 'ஐந்தாம் பதிப்புடன் பொருந்தும்' அல்லது '5இ' என்று போடலாம். ஆட்டத்தின் பெயரும் லோகோவும் கூடாது. எஸ்ஆர்டி பகுதிகளை வாசகர் பயன்படுத்துவதைத் தடுக்கும் பூட்டு எதையும் பிடிஎஃப்பில் போடாதீர்கள். சிசி-பிஒய் அதை அனுமதிப்பதில்லை. வாங்கியவர் பெயரை அடியில் அச்சிடும் வாட்டர்மார்க் பரவாயில்லை.

நண்பரின் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஓஜிஎல் 1.0ஏ தன்னை நிரந்தரமானது என்று சொல்லிக்கொண்டாலும் 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல் அதில் இல்லை. 2023 ஜனவரியில் கசிந்த, அந்த உரிமத்தின் புதிய வரைவு அந்த ஓட்டையில்தான் கைவைத்தது. எதிர்ப்பு வலுத்ததும் ஜனவரி 27 அன்று நிறுவனம் பின்வாங்கி, எஸ்ஆர்டி 5.1ஐ சிசி-பிஒய்யில் வெளியிட்டது. அந்த உரிமம் திரும்பப் பெற முடியாதது என்று தன் வாசகத்திலேயே சொல்கிறது. அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

மைண்ட் ஃப்ளேயரை விட மனமில்லையென்றால் விஸார்ட்ஸின் அனுமதியோடு ரசிகர் படைப்புகளை விற்கும் டிஎம்ஸ் கில்ட் தளத்தில் விற்கலாம். அங்கே விஸார்ட்ஸின் உலகங்களையும் மான்ஸ்டர்களையும் பயன்படுத்தலாம்; வருவாயில் பாதி உங்களுக்கு. ஆனால் அந்தப் புத்தகத்தைப் பிறகு வேறு எங்கும் வெளியிட முடியாது.

கடைசியாக, படங்கள். மேலே சொன்ன உரிமம் எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் சிசி-பிஒய்-என்சி படங்களை நீக்குங்கள். ஓவியரிடம் வாங்கியிருந்தால் பிடிஎஃப், அச்சு, விளம்பரம் மூன்றுக்கும் அனுமதி உண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.